செடி சேரும் வரைக்கும் அண்ணிதான் வேலி

தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் கைப்பேசிக்கு ஒழுங்காகச் சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றுதான். வாசல் முற்றம் முடிந்து, தரை சட்டென்று தோட்டச் சாலைக்கு இறங்கும் அந்த விளிம்பு. கைக்குழந்தையோடு அங்கே போய் நிற்பது எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. அன்று காலை ஈப்போ ஆஸ்பத்திரியிலிருந்து என் கணவர் அழைத்தபோது வீட்டுக்குள் அவர் குரல் துண்டு துண்டாக வந்தது. சின்னவளை இடுப்பில் இறுக்கிக்கொண்டு விளிம்புக்குப் போனேன். அண்ணி கல்லை வைத்துப் படுக்கவைத்த ஜூனிப்பர் கிளைகள் காலடியில் கிடந்தன.

"கேக்குதா?" என்றார்.

"கேக்குது. சொல்லுங்க."

"அக்கா போயிருச்சி," என்றார்.

கீழே முட்டைக்கோஸ் ஏற்றிய லோரி ஒன்று திருப்பத்தில் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அழுகை வரவில்லை. முதலில் வந்தது ஒரு கேள்வி: இனிமேல் சாயங்காலத்தில் இங்கே யார் உட்காருவார்கள்? ஒரு சாவுச் செய்தியைக் கேட்டவுடன் நினைக்கக்கூடிய நினைப்பா அது என்று பிறகு எனக்கே தோன்றியது. ஆனால் அண்ணியைப் பற்றி எழுத வேண்டுமென்றால் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க முடிகிறது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களிடம் கொடுத்த அட்டையில் அண்ணியின் படமும் பெயரும் மட்டும் இருந்தன. பின்பக்கத்துக்கு ஏதாவது எழுதித் தருவதாக நான்தான் சொல்லியிருந்தேன். உட்கார்ந்தால் குழந்தை அழும். குழந்தை தூங்கினால் எனக்குக் கை ஓடாது. அட்டை வெறும் பின்பக்கத்தோடு அச்சாகிப் போனது. ஆகவே தாமதமாக, அண்ணியைத் தெரிந்தவர்களுக்காகவும் தெரியாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

அண்ணியின் பெயர் ராஜேஸ்வரி. என் கணவர் சேகரின் அக்கா. எங்கள் லயத்திலேயே தனி வீட்டில் இருந்தார்; எல்லோருக்கும் ராஜிக்கா. சேகர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில் அவர்களுடைய அம்மா இறந்துவிட, தம்பிக்குச் சோறு பொங்கிப் போட்டு, சட்டை தேய்த்துக் கொடுத்து வளர்த்தவர் அண்ணிதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி யாராவது உச்சுக் கொட்டினால், "எனக்குக் கல்யாணம் ஆவலன்னு வருத்தப்படறவுங்க எல்லாருமே கல்யாணம் ஆனவுங்கதான் லா, கவனிச்சீங்களா?" என்பார். கேட்டவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

மலை மேல் சுற்றுலாப் பயணிகள் வந்து தேநீர் குடிக்கும் தோட்டத்துக் கடையில் அவருக்கு வேலை. தமிழ், மலாய், கொஞ்சம் சீனம், தேவைக்கு ஆங்கிலம் என்று எல்லாவற்றிலும் பேசித் தேயிலைப் பொட்டலம் விற்பார். ஒரு தடவை கோலாலம்பூரிலிருந்து வந்த குடும்பம் ஒன்று, இவ்வளவு தூரம் வந்தும் மூடுபனியில் ஒன்றுமே தெரியவில்லை என்று அவரிடம் குறைப்பட்டுக்கொண்டது. "ஒன்னுமே தெரியலன்னு சொல்லாதீங்க. பனி தெரியுதில்ல? அதப் பாக்கத்தான எல்லாரும் வராங்க?" என்றாராம். வீட்டுக்கு வந்து அதை நடித்துக் காட்டினார். அந்தக் குடும்பம் சிரித்ததா, கோபப்பட்டதா என்று நான் கேட்டேன். "ரெண்டு பொட்டலம் கூடுதலா வாங்கிட்டுப் போனாங்க," என்றார்.

நான் கீழே சமவெளியில், கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். கல்லூரியில் பாலர் கல்வி படித்தேன். சேகரைக் கட்டிக்கொண்டு இந்த மலைக்கு வந்தபோது எனக்கு எல்லாமே பயமாக இருந்தது. குளிர் பயம், வளைவுச் சாலை பயம், மலையை வெட்டியதில் வீட்டுக்குப் பின்னால் நிமிர்ந்து நின்ற மண்சுவர் எல்லாவற்றையும்விடப் பெரிய பயம். மழை பெய்தால் ஜன்னலிலிருந்து நகரமாட்டேன். சேகர் சிரிப்பார். பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா, "நாங்கெல்லாம் இங்கயே பொறந்து வளந்துட்டோம். ஒன்னும் ஆவாது போ," என்பார். அண்ணி மட்டும் குடையை எடுத்துக்கொண்டு, "வா கிள்ளான், பாத்துட்டு வருவம்," என்று என்னைக் கொட்டும் மழையில் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். என் பெயரை அவர் சொல்லியே நான் கேட்டதில்லை; கடைசிவரை "கிள்ளான்"தான். மண்சுவரின் அடியில் ஓடும் வாய்க்காலைக் காட்டினார். "இந்தத் தண்ணி கலங்கலா, வேகமா போவுது பாரு? போய்க்கிட்டு இருக்கிற வரைக்கும் சரி. மழ பெய்யும்போது தண்ணி நின்னுருச்சின்னா, மேல மண்ணு சரிஞ்சி அடச்சிருச்சின்னு அர்த்தம், அப்ப பயப்படு. என்னையும் வந்து கூப்புடு, சேந்து பயப்படலாம்."

ஒரு நாள் சாப்பிடும்போது சேகர் என்னைக் கிண்டல் செய்தார். அண்ணி அவர் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே, "பயப்படற ஆளு ஒன்னு வீட்டுல இருக்கணும்டா. அவ முழிச்சிருக்கறதாலதான் நீ தூங்கற," என்றார். அந்த வீட்டில் எனக்கு ஓர் இடம் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

பெரியவள் மித்ரா நடக்கத் தொடங்கியபோதுதான் விளிம்பு எனக்கு முழு எதிரியாயிற்று. முற்றத்திலிருந்து சாலைக்கு ஓர் ஆள் உயரத்துக்கும் மேலான இறக்கம். கீழே கல் பாவிய வாய்க்கால், அதற்கப்பால் சாலை. கொழுந்து லோரியும், கோலா தெர்லாப் பக்கமிருந்து குறுக்கு வழியில் வரும் காய்கறி லோரியும் அதில்தான் போகும். சேகர் மரக்கம்பு நட்டுக் கம்பிவலை கட்டி வேலி போட்டார். நன்றாகத்தான் இருந்தது. தொடர்ந்து பெய்த மழைக்குப் பின் ஒரு காலையில் மித்ரா வலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். கம்பு, வேலி, மித்ரா மூன்றும் மெல்ல வெளிப்பக்கம் சாய்வதைச் சமையலறை வாசலிலிருந்து பார்த்தேன். எப்படி ஓடினேன் என்று தெரியாது. அவளுடைய சட்டைக் கழுத்து என் கைக்குக் கிடைத்தது.

அண்ணி வந்து மற்றக் கம்புகளை ஒவ்வொன்றாக விரலால் தள்ளிப் பார்த்தார். எல்லாமே ஆடின. "மண்ணுக்கே புடிமானம் இல்ல, கம்பு என்னா பண்ணும்? வேலி கீழ போனா, அதப் புடிச்சிக்கிட்டே புள்ளையும் போவும்," என்றார். சுவர் எழுப்பலாமா என்று தோட்ட ஆபீஸில் கேட்டோம். அந்தப் பாரத்துக்கே விளிம்பு இறங்கிவிடும் என்றார்கள்.

அந்த வாரம் அண்ணி ஏதோ பொட்டலம் கொடுக்கத் துரை பங்களாவுக்குப் போய்விட்டு, மூச்சு வாங்க நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அங்க தோட்டத்து ஓரத்துல ஒரு செடி, கிள்ளான். உயரமே இல்ல, பாய விரிச்ச மாரி படுத்துக் கெடக்கு. தொட்டா குத்துது. தொரையோட நாய் என்னைப் பாத்து ஓடியாந்துச்சி பாரு, செடிகிட்ட வந்ததும் பிரேக் போட்டுருச்சி!"

"நாய்க்கு இருக்கற அறிவு எம்புள்ளைக்கு இல்லங்கறீங்களா?"

"வரும் லா. செடி வச்சா சீக்கிரமா வரும்."

சனிக்கிழமை பிரிஞ்சாங் டவுனில் ஒரு சீனப் பெண்மணியின் நாற்றங்காலுக்குப் போனோம். வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் சேகர் மித்ராவோடு வெளியிலேயே சுற்றிக்கொண்டிருந்தார். உள்ளே நாங்கள் இருவர். அந்தப் பெண்மணி, இது ஜூனிப்பர், குளிர் நாட்டுச் செடி, இந்த மலையில் வரும் என்றார். உள்ளங்கையை நிமிர்த்திக் காட்டி "இப்படி வளராது," என்றும், தரையோடு படிய வைத்து "இப்படித்தான்," என்றும் மலாயில் விளக்கினார். வெயில் வேண்டும், ஈரம் தேங்கக் கூடாது. நறுக்கினால் பச்சை இருக்கும் இடத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இலையில்லாத பழுப்புக் கட்டை வரைக்கும் போனால் அங்கிருந்து மறுபடி துளிர்க்கவே துளிர்க்காது என்று, ஒரு காய்ந்த குச்சியை ஒடித்தே காட்டினார். நான் காயைப் பற்றிக் கேட்டேன். குழந்தை தின்றால்? தின்னக் கொடுக்காதே, கண்டால் கிள்ளிப் போடு என்றார். அண்ணி என்னைக் கண்ணால் காட்டி அவரிடம் சீனத்தில் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று கேட்டேன். "எங்க வீட்டு போலீஸ்னு சொன்னேன்," என்றார்.

நாள் முழுக்க வெயில் விழும் இடம் எங்கள் முற்றத்தில் அந்த விளிம்பு மட்டும்தான். அண்ணி ஆற்று மணலும் சரளைக்கல்லும் கலந்து குழியை நிரப்பினார். செடியின் கழுத்து மண்ணுக்குள் போகாமல் சற்று மேடாக நட்டார். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் அவர் விட்ட இடைவெளியில் நான் காலை வைத்து அளந்து பார்த்தேன்.

"நடுவுல யானையே போவும் போல இருக்கே அண்ணி."

"நெருக்கி வச்சா ஒன்ன ஒன்னு அமுக்கி நடுவுல காஞ்சிரும். அதுங்களா கை நீட்டிப் புடிச்சிக்கும். கொஞ்சம் காலம் ஆவும்."

"அது வரைக்கும்?"

மறுநாள் வேலை முடிந்து வந்தவர், கால் கழுவிக்கொண்டு, தன் வீட்டு மர முக்காலியைத் தூக்கி வந்து விளிம்பில் போட்டு உட்கார்ந்தார். எதிர்மலைக்கு முதுகு, வீட்டுக்கு முகம். மித்ரா முற்றத்தில் ஓடி விளையாடினாள். அந்த வழியாகப் போன பாக்கியம் அக்கா, "என்னா ராஜி, காவலுக்கு ஆளு வச்சிட்டாங்களா?" என்று கேட்டார்.

"செடி சேர்ற வரைக்கும் நான்தான் லா வேலி," என்றார் அண்ணி.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அதற்குப் பிறகு மழையில்லாத ஒவ்வொரு சாயங்காலமும் அவர் அங்கே இருந்தார். வெங்காயம் உரிப்பார், கைப்பேசியில் யாரோடாவது சத்தமாகப் பேசுவார், என் சமையல் வாசத்தைக் கொண்டே, "உப்பு கம்மி!" என்று அங்கிருந்தபடி தீர்ப்புச் சொல்வார். மித்ரா விளிம்புக்கு ஓடினால் முதலில் அண்ணியின் முழங்கால்தான் அவளுக்குக் கிடைக்கும். பாக்கியம் அக்கா அரிசி களைந்த தண்ணீரைப் பாசத்தோடு செடிக்கு ஊற்றப்போக, ஒரு செடி மஞ்சளடித்துவிட்டது. அன்று அண்ணி போட்ட சத்தம் கொழுந்து நிறுக்கும் இடம் வரைக்கும் கேட்டிருக்கும். "அது என்னா உங்க வீட்டு ரோசாவாக்கா? கால்ல ஈரம் பட்டா செத்துரும்!"

ஒரு நாள் அண்ணி வரத் தாமதமாயிற்று. மித்ரா நேராகச் செடிக்குள் கையை விட்டுவிட்டாள். ஊசி இலைகள். வீறிட்டு அழுதுகொண்டே திரும்பி ஓடி வந்தாள். உள்ளங்கை முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். அண்ணி வந்ததும் அவர் மேல் பாய்ந்தேன். "குழந்தை கையப் பாருங்க! இதுக்குத்தான் வச்சீங்களா?"

அவர் மித்ராவின் கையை விரித்துப் பார்த்தார், ஊதினார். "ஆமா, இதுக்குத்தான் வச்சேன்," என்றார். "அழுதா நல்லது கிள்ளான். கீழ விழுந்திருந்தா அழுதிருக்க மாட்டா."

மித்ரா அந்தப் பக்கம் பிறகு போகவேயில்லை.

செடிகள் கை நீட்டின. நீலம் கலந்த பச்சையில், காலையில் ஒவ்வொரு ஊசி நுனியிலும் ஒரு சொட்டு நீர் வைத்துக்கொண்டு, மெல்ல ஒன்றையொன்று தொட்டன. மித்ரா பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கிய சமயம் விளிம்பு முழுக்க ஒரே பாய். லயத்தில் அதற்கு முள்ளுப்பாய் என்றே பெயர் வந்துவிட்டது. அண்ணி அப்போதும் முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். "அதான் சேந்துருச்சே அண்ணி?" என்று கேட்டேன். "சேந்துருச்சி. எனக்குத்தான் எந்திரிக்க மனசு வரல," என்றார்.

நான் இரண்டாவது பிள்ளை உண்டாகியிருந்தபோது, ஒரு மாலை அண்ணி முக்காலியிலிருந்து என்னைக் கூப்பிட்டார். மார்பில் ஒரு கட்டி இருப்பதாகச் சொன்னார்.

"தம்பிகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல. அவன்கிட்ட சொன்னா ஒன்னும் இல்லக்கான்னுவான். பாக்கியம் அக்கா ஒன்னும் ஆவாதும்பாங்க. எனக்கு இப்ப ஒழுங்கா பயப்பட ஒரு ஆளு வேணும். அதான் ஒன்கிட்ட சொல்றேன்."

நான் ஒழுங்காகப் பயந்தேன். மறுநாளே ரிங்லெட் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்து ஈப்போவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அறுவை சிகிச்சை என்று முடிவானது. சேகருக்கு அதைக் கேட்டதும் முகம் தெளிந்தது. "வெட்டி எடுத்துட்டா சரியாப் போயிரும்க்கா," என்றார்.

சேகர் சொன்னதன் பொருள் புரிய அவருடைய வேலை தெரிய வேண்டும். அவர் தோட்டத்தில் கவாத்துக் கூட்டத்தில் இருப்பவர். தேயிலைச் செடி வயதாகிக் கொழுந்து குறைந்தால் அதை முழங்கால் உயரத்துக்குக் கட்டையாக வெட்டிவிடுவார்கள். ஒரு மலையே வெறும் குச்சியாக, தீப்பட்டது போல நிற்கும். புதிதாக வந்தபோது அதைப் பார்த்து, தோட்டம் எரிந்துபோயிற்றா என்று சேகரிடம் கேட்டேன். பிறகு அதே கட்டையிலிருந்து சிவந்த முளைகள் கிளம்பி, மலை பழையபடி பச்சையாகும். தேயிலைக்காரர்கள் வெட்டுக்குப் பயப்படமாட்டார்கள். எவ்வளவு கீழே வெட்டுகிறோமோ அவ்வளவு நன்றாகத் தழைக்கும் என்பது அவர்கள் கைக்கே தெரியும்.

பிரசவத்துக்கு நான் கிள்ளானில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். இனியா பிறந்தாள். அந்த நாட்களில் சேகர் ஈப்போ ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் நடுவே அலைந்துகொண்டிருந்தார். ஒரு நாள் அவர் அழைத்தபோது குரலில் வெகுநாள் கழித்துக் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது.

"அக்காவ அடுத்த வாரம் விடறாங்க. வர்றப்ப வாசல் சுத்தமா இருக்கணும்ல? முள்ளுப்பாய் ஒரேடியா வளந்து நடக்கிற பாதையெல்லாம் ஏறிருச்சி, அடியில வேற பழுப்பா கெடந்துச்சி. கவாத்துப் பண்ணிட்டேன்."

இனியா மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாள். "எது வரைக்கும் வெட்டினீங்க? பச்ச இருக்கா?" என்று கேட்டேன்.

"கட்ட வரைக்கும். அப்பதான நல்லா தழைக்கும்? பாக்கியம் அக்காகூட சொன்னாங்க, ஒரே மாசத்துல பாருன்னு."

"அது வராதுங்க," என்றேன்.

"நீ எப்பவும் இப்படித்தான்," என்றார்.

நான் குழந்தையோடு மலையேறியபோது அண்ணியும் வீடு திரும்பியிருந்தார். ஒரு பக்கக் கை வீங்கி, துணி சுற்றியிருந்தது. விளிம்பு முழுக்கச் சாம்பல் நிறக் கட்டைகள். வெட்டு அவ்வளவு நேர்த்தி. தேயிலையாக இருந்திருந்தால் கங்காணி தட்டிக் கொடுத்திருப்பார். அண்ணி குனிந்து ஒரு கட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். சேகர் அருகில் பள்ளிக்கூடப் பையனைப் போல நின்றுகொண்டிருந்தார்.

"எல்லாமே தேயில இல்லடா தம்பி," என்றார் அண்ணி.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சேகர் சிரிக்கவில்லை. "வரும்க்கா. கொஞ்ச நாளாவும். நீ பாரு," என்றார்.

அதற்குப் பிறகு தினமும் வேலைக்குக் கிளம்புமுன் அவர் கட்டைகளின் முன்னால் குந்தி, முளை தேடினார். தேயிலையில் எங்கே தேடுவார்களோ அங்கேயே, கணுவுக்குக் கணு விரலால் தடவித் தேடினார். ஒவ்வொரு தடவை ஈப்போவுக்குப் பரிசோதனைக்குப் போய்வந்த மறுநாள் அதிக நேரம் தேடினார். நாற்றங்கால் பெண்மணி சொன்னதை நான் அவரிடம் சொன்னேன். காதில் வாங்கவில்லை. பிடுங்கிவிட்டுப் புதிதாக வைக்கலாம் என்றேன். "தொடாத," என்று மட்டும் சொன்னார். அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வுடு கிள்ளான். அவன் செடியவா பாக்கறான்?" என்றார்.

பிழைத்தவை சில கிளைகள் மட்டும். விளிம்பின் வெளிப்பக்கம், கால் வைக்க முடியாத இறக்கத்தில் தொங்கியவற்றுக்கு சேகரின் கத்தி எட்டியிருக்கவில்லை. அண்ணி ஒரு நாள் தம்பியை இறக்கத்தில் கயிறு கட்டி நிற்கவைத்து, அந்தப் பச்சைக் கிளைகளை ஒவ்வொன்றாக மேலே எடுத்துத் தரச் சொன்னார். வீங்காத கையால் அவற்றை விளிம்போடு படுக்கவைத்து, மண்ணைக் கீறி, கொஞ்சம் புதைத்து, மேலே கல்லை வைத்தார்.

"படுத்த எடத்துல வேர் விடும். விட்டுச்சின்னா அதுவே ஒரு செடி," என்றார்.

"விடலன்னா?" என்று நான் கேட்டேன்.

"நீ இருக்கியே கேக்கறதுக்கு! தம்பி, அந்தப் பெரிய கல்லைத் தூக்கு. ஒன் பொண்டாட்டி தலையில போடப் போறேன்."

சேகர் வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார். அண்ணி முக்காலியைப் போட்டுக்கொண்டார். "மறுபடியும் வேலி வேலைக்கு வந்துட்டேன்," என்றார். அப்போது இனியா குப்புற விழப் பழகிக்கொண்டிருந்தாள். அவள் நடக்கும்போது செடி சேர்ந்திருக்குமா என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். சேராது. அண்ணி அதே கணக்கைப் போட்டிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். அவர் போட்டது வேறு கணக்காகவும் இருந்திருக்கலாம்.

நோய் திரும்பி வந்தது. எலும்புக்குப் போய்விட்டது என்றார்கள். முக்காலியில் உட்காரும் நேரம் குறைந்தது. பிறகு முதுகுக்குத் தலையணை வேண்டியிருந்தது. பிறகு வாசற்படியிலிருந்தே பார்த்தார். கடைசியாக ஈப்போவுக்குப் புறப்பட்ட அன்று காரில் ஏற்றி உட்காரவைத்த பின் கண்ணாடியை இறக்கச் சொன்னார். ஏதோ சொல்லப்போகிறார் என்று குனிந்தேன். "முக்காலிய மழையில வுட்டுறாத. காலு உப்பிரும்," என்றார். அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

சிம்பாங் பூலாய் சாலை வழியாக அண்ணியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். லயமே முற்றத்தில் கூடிவிட்டது. கூட்டம் நெருக்க நெருக்க, ஆட்கள் அறியாமல் விளிம்பை நோக்கிப் பின்வாங்கினார்கள். ஒருவருடைய செருப்பு ஒரு கல்லைத் தட்டிவிட்டது. தேவாரம் பாடிக்கொண்டிருந்த நேரம். சேகர் எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அந்தக் கல்லைத் திருப்பி வைத்தார். பிறகு இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, "தள்ளி நில்லுங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்று எல்லோரையும் முன்னால் நகர்த்தினார். பெரியவர் ஒருவர் வந்து காரியத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும் வரைக்கும் அவர் அங்கேயே நின்றார்.

காரியங்கள் முடிந்தன. உறவினர்கள் இறங்கிப் போனார்கள். இனியா சுவரைப் பிடித்து நிற்கத் தொடங்கியிருந்தாள். நான் வாசல் கதவைத் தாழ் போட்டே வைத்திருந்தேன். அவள் நாள் முழுக்க அந்தக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். கிள்ளானுக்கே போய்விடலாம் என்று சேகரிடம் சொல்ல வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று முன்தினம் சாயங்காலம் சேகர் வேலை முடிந்து மண்வெட்டியோடு வந்தார். "எல்லாத்தையும் எடுத்துர்றேன். நான் வெட்டினது, நானே எடுத்துர்றேன். சும்மா கண்ணு முன்னால கெடக்குது," என்றார். நான் தடுக்கவில்லை. எனக்கும் அந்தக் கட்டைகளைப் பார்க்க முடியாமல்தான் இருந்தது.

முதல் கட்டையைக் கொத்துமுன் பக்கத்திலிருந்த கல்லை நகர்த்தினார். கல்லடியில் இருந்த கிளையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாக இழுத்தார். மண் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் கையை எடுத்துவிட்டு அப்படியே குந்தியிருந்தார். அவர் தோள் குலுங்குவதை வாசலிலிருந்து பார்த்தேன். போகலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன்.

மற்றக் கல் எதையும் அவர் தூக்கிப் பார்க்கவில்லை. எத்தனை கிளை வேர் விட்டிருக்கிறது, எத்தனை வெறுமே கிடக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. கல்லை இருந்த இடத்தில் வைத்தார். மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். அண்ணியின் வீட்டுக்குள் போய், நான் துடைத்து வைத்திருந்த முக்காலியை எடுத்துவந்து, கிளைகளுக்கு நடுவே பிள்ளை நுழையக்கூடிய இடைவெளியில் போட்டு உட்கார்ந்தார். காலிலிருந்த கவாத்துச் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. எதிர்மலைக்கு முதுகு, வீட்டுக்கு முகம்.

"கதவத் தொறந்து வுடு," என்றார்.

"இருட்டப் போவுதுங்க."

"நான் இருக்கேன்ல? தொறந்து வுடு."

தாழை எடுத்தேன். இனியா படியைப் பிடித்து இறங்கி, நின்று, பிடியை விட்டு, இரண்டு மூன்று எட்டு தள்ளாடி நடந்தாள். அதுதான் அவள் முதல் நடை. நேராக விளிம்பை நோக்கித்தான் நடந்தாள். என் கால்கள் தாமாக முன்னே போயின. நான் அவற்றைப் பிடித்து நிறுத்தினேன். அப்பாவின் முழங்கால் அவளுக்குக் கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நேற்றும் அவர் உட்கார்ந்தார். இன்று மழை. செடி எப்போது சேரும், சேருமா என்றே எனக்குத் தெரியவில்லை அண்ணி. பயம் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன்; நீங்கள் நம்பவும் மாட்டீர்கள். முக்காலி நனையாமல் உள்ளே இருக்கிறது. வேலி வேலைக்கு ஆள் வந்துவிட்டது. இனி நீங்கள் எழுந்திருக்கலாம்.